ஆமையின் தண்ணீர் பம்பு

வெள்ளிக்கிழமை, காலை மணி 7.10.

பெயின்டர், மெக்கானிக் ஷெட்டின் பூட்டைத் திறந்தார். விளக்கைப் போட்டார். அலமாரியின் மூன்றாவது தட்டைப் பார்த்தார். பெட்டி அங்கே இல்லை.

தட்டில் விரித்த செய்தித்தாள் இருந்தது. பக்கத்துப் பெட்டிகள் இருந்தன. நேற்று மாலை வரை தண்ணீர் பம்பு பெட்டி இருந்த இடம் மட்டும் விழுந்த பல் போலக் காலியாக இருந்தது.

குனிந்து அலமாரிக்கு அடியில் பார்த்தார். பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் பார்த்தார். குப்பைக் கூடையைக் கவிழ்த்துக்கூடப் பார்த்தார். பிறகு, வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல், ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பெண்ணுக்குப் போன் செய்தார்.

7.35. அவள் சைக்கிளில் வந்து இறங்கினாள்.

அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையில் எப்போதும் ஆறங்குல எஃகு ஸ்கேல் ஒன்று இருக்கும். கடைக்கு வரும் எந்தப் பாகத்தையும் இரண்டு முறை அளப்பாள். வாங்கியவர் போன பிறகு, தப்பாக அளந்துவிட்டோமோ என்று மனதுக்குள் மூன்றாம் முறை அளப்பாள். அளந்ததை எல்லாம் அட்டைகளில் எழுதி ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருப்பாள். கேள்விக்குறி இல்லாத வரி அந்த அட்டைகளில் அபூர்வம்.

"பூட்டு?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்தது. நான்தான் திறந்தேன்."

"ஜன்னல்?"

"கம்பி அப்படியே இருக்கு. நீயே பாரு."

அவள் பார்த்தாள். கம்பி அசையவில்லை. சிலந்தி வலைகூட அறுபடவில்லை. ஷெட்டுக்கு மூன்று சாவிகள். ஒன்று ஷெட்டை நடத்தும் மெக்கானிக் மாஸ்டரிடம். ஒன்று ஷெட்டின் பாதியில் கடைப் பலகைகள் எழுதும் பெயின்டரிடம். மூன்றாவது, நடுவில் நிற்கும் வேனுக்குச் சொந்தக்காரியான கண்ணாடி அக்காவிடம்.

அந்த வேனுக்கு வயது நாற்பத்தொன்று. கூரையைத் தூக்கினால் உள்ளே ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம். ஒரு கட்டில், ஒரு சின்ன அடுப்பு, கண் பரிசோதனைக்கான லென்ஸ் பெட்டி, சுவரில் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் அட்டை. அக்கா ஊர் ஊராகப் போய்த் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்குக் கண் பார்த்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவள். கடையும் அதுதான், வீடும் அதுதான். அதனால் அதற்கு ஆமை என்று பெயர்.

ஆமையின் சொந்த இன்ஜின் காற்றால் குளிரும் வகை. அதைப் பழைய சொந்தக்காரர் யாரோ எடுத்துவிட்டுத் தண்ணீரால் குளிரும் வேறொரு இன்ஜினைப் பொருத்தியிருந்தார். எந்த வண்டியின் இன்ஜின், எப்போது மாற்றியது, ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. வேனின் பெயரைச் சொல்லி எந்தக் கடையில் பாகம் கேட்டாலும் பொருந்தாத பாகம்தான் வரும். அப்படி வந்த ஒன்று, வேனின் படம் போட்ட பெட்டியில், அதே மூன்றாவது தட்டில் இன்னமும் பிரிக்கப்படாமல் இருந்தது.

தண்ணீர் பம்பு ஒழுகத் தொடங்கியபோது விஷயம் ஸ்கேலிடம் வந்தது. அவள் மூன்று மாலைகள் வண்டிக்கு அடியில் படுத்து அளந்தாள். பம்பைப் பிடித்திருந்தவை ஐந்து போல்ட்டுகள். நான்கு சம தூரத்தில் இருந்தன. ஐந்தாவது மட்டும் ஏழு மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. கார், லாரி, ஜெனரேட்டர், படகு என்று பதினொரு கேட்டலாகுகளில் அந்த ஏழு மில்லிமீட்டரைத் தேடினாள். கடைசியில் அது கிடங்குகளில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்டின் பக்கத்தில் கிடைத்தது. மூடப்போகும் ஒரு கிடங்கின் ஸ்டோரில், ஃபோர்க்லிஃப்ட் படம் போட்ட பெட்டியில், பிரிக்காத பம்பு ஒன்றே ஒன்று இருந்தது.

அதுதான் இப்போது இல்லை.

இன்று மாலை நான்கு மணிக்கு ஆமைக்கு வாகனப் பரிசோதனை. இன்ஜின் மாற்றிய வண்டிகளை இதுவரை ஏற்றுக்கொண்ட அலுவலகம் திங்கட்கிழமை முதல் ஏற்காது. இன்றைக்குள் சான்று வாங்கியவை ஓடலாம். மற்றவை நம்பர் பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பம்பு ஒழுகும் வண்டியை அந்த அதிகாரி கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்.

ஸ்கேல் தன்னையே நொந்துகொண்டாள். பெட்டியைக் கடையிலேயே வைத்திருந்து இன்று காலை எடுத்து வந்திருக்கலாம். வியாழன் மாலை நான்கு மணிக்கே கொண்டுவந்து தட்டில் வைத்தது அவள்தான்.

"நேத்து சாயங்காலம் என்ன நடந்தது, அண்ணே? ஒண்ணு விடாம சொல்லுங்க."

பெயின்டர் சொன்னார். ஐந்து மணிக்கு அவர் ஒரு மருந்துக்கடைப் பலகையைக் கொடுக்கக் கிளம்பினார். 6.40க்குத் திரும்பியபோது முனகல் கேட்டது. மாஸ்டர் வண்டிக்கு அடியில் படுத்து நெளிந்துகொண்டிருந்தார். காலைப் பிடித்து வெளியே இழுத்தார். சிறுநீரகக் கல். வாடகை வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். இரவு முழுக்கக் கூடவே இருந்தார். காலையில் மாஸ்டரின் மனைவி வந்து மாற்றிவிட, நேரே இங்கே வந்தார். மாஸ்டர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார். மதியம்தான் பேசுவார்.

"கிளம்பும்போது பெட்டி இருந்ததா?"

"இருந்தது. மாஸ்டரைத் தூக்கறப்ப ஃபோர்க்லிஃப்ட் படம் கண்ணுக்கு நேரே தெரிஞ்சது. கதவை நான்தான் பூட்டினேன்."

"மாஸ்டர் ஏதாவது சொன்னாரா?"

பெயின்டர் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஸ்ட்ரெச்சர்ல போகும்போதுகூட, பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு சொல்லிட்டே போனாரு. அந்த வலியிலயும் மனுஷனுக்கு எவ்வளவு பொறுப்பு பாரு."

ஸ்கேல் அதையும் எழுதினாள்.

பிறகு, பம்பு இடம் மாறியிருக்குமோ என்று அலமாரியில் இருந்த பெட்டிகளை எல்லாம் திறந்து பார்த்தாள். மொத்தம் பதினான்கு. வேன் படம் போட்டதன் சீல் உடையாததால் அதை மட்டும் விட்டாள். மற்ற எல்லாவற்றிலும் தேய்ந்தும் உடைந்தும் போன பழைய சாமான்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் பழைய ஸ்டார்ட்டர், விளக்குப் பெட்டியில் உடைந்த விளக்கு. மாஸ்டரின் பழக்கம் அது. புதியதை மாட்டிய கையோடு, கழற்றிய பழையதை அதே பெட்டியில் போட்டு மூடிவிடுவார். அடுத்த முறை தேடும்போது மேலே பெயர், உள்ளே மாதிரி.

"பழசைக்கூட வீடு இல்லாம விடமாட்டாரு," என்றார் பெயின்டர்.

காலியான இடத்தில், செய்தித்தாளின் மேல், பச்சையாக ஒரு ஈரத் தடம் இருந்தது. பெட்டியின் அடிப்பாகம் அளவு. ஸ்கேல் பெயின்டரின் மேலங்கியைப் பார்த்தாள். மார்பு முழுக்க மருந்துக்கடைப் பச்சை.

"என்ன அப்படிப் பார்க்கற?"

"சும்மா, அண்ணே."

மேலங்கியின் பச்சை காய்ந்து மொரமொரவென்று இருந்தது. தாளின் பச்சை விரலில் வழுக்கியது. முகர்ந்தாள். இனிப்பு வாசனை. ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். வாங்கி வைத்த புது கூலன்ட் கேன் மூலையில் சீல் உடையாமல் இருந்தது. அட்டையில் எழுதினாள்: 'தாளில் கூலன்ட். மாஸ்டர் கை?'

7.55. தம்பியின் காரில் கண்ணாடி அக்கா வந்து இறங்கினாள்.

ஆமை ஷெட்டில் நிற்கும் இந்த மூன்று வாரமும் அவள் தம்பி வீட்டில்தான் தங்கியிருந்தாள். நாற்பது வயது, குட்டை முடி, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி. விஷயத்தைக் கேட்டதும் அழவில்லை. ஷெட்டை நீளவாக்கில் ஒருமுறை நடந்தாள், திரும்பி நடந்தாள். வேனின் கதவைத் திறந்தாள், மூடினாள். குனிந்து, ஒழுகலுக்காக வண்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டைப் பார்த்தாள்.

"ஐயோ, இது விளிம்பு வரைக்கும் நிரம்பிடுச்சே. நேத்து மத்தியானம்தான் கொட்டினேன்."

"ஒழுகல் ஜாஸ்தியாயிடுச்சு போல," என்றார் பெயின்டர்.

ஸ்கேல் எழுதினாள்: 'தட்டு நிறைய. ஒரே நாளில்?'

"அக்கா, உங்க சாவி?"

"தம்பி வீட்ல, வாசல் பக்கத்து ஆணியில மாட்டியிருக்கும். காலையிலகூட அங்கேதான் இருந்தது."

தம்பி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை செய்பவன். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. பதற்றத்தில் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். கேட்பதற்கு முன்பே பதில் சொன்னான். அவன் இந்த ஷெட்டுப் பக்கம் வந்து பத்து நாள் ஆகிறது. நேற்று அலுவலகத்தில் மீட்டிங். எட்டேகாலுக்குத்தான் வீட்டுக்கு வந்தான். அக்கா ஆமாம் என்றாள்.

"இன்னிக்கு லீவு போட்டுட்டேன்," என்றான். "எங்கே போகணும்னு சொல்லு, நான் ஓட்டறேன். வேற பம்பு கிடைக்காமலா போயிடும்?"

8.40. கிளம்பும் நேரத்தில், எல்லோரும் மியூசியம் என்று கூப்பிடுபவர் வந்து சேர்ந்தார்.

தன் தோட்டத்தில் பதினொரு பழைய வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தினமும் துடைப்பவர் அவர். எதையும் ஓட்டமாட்டார். பன்னிரண்டாவதாக ஆமையை நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. நம்பர் பிளேட் போன வண்டி ஓட்டுபவளுக்கு எதற்கு என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தவர்.

"என்னமோ திருட்டுப் போச்சாமே?"

"தண்ணி பம்பு," என்றாள் ஸ்கேல், அவர் முகத்தைப் பார்த்தபடி.

அவர் சிரித்தார். "ஏம்மா, நீ பார்ட்ஸ் விக்கிற பொண்ணுதானே? இந்த வண்டிக்கு ஏது தண்ணி பம்பு? காத்துல குளிர்ற இன்ஜின்மா இது. கை படாத ஒரிஜினல். அதனாலதானே நான் நாய் மாதிரி சுத்தறேன்."

அக்காவும் ஸ்கேலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அவரைத் திருத்தவில்லை. அவர் ஆமையின் முன்பக்கத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, மதியம் வருவதாகச் சொல்லிப் போனார்.

9.15. தேடல் தொடங்கியது.

தம்பி ஓட்டினான். அக்கா முன்னால் உட்கார்ந்தாள். ஸ்கேல் பின்னால், அட்டைக் கட்டைப் பக்கத்தில் சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வாங்கி நான்கே மாதமான கார். ஆனாலும் உள்ளே அந்த இனிப்பு வாசனை. அவள் தன் விரல்களை முகர்ந்தாள். மூன்று வாரமாக இதே வேலை. மூக்கிலேயே ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள்.

9.40. ஃபோர்க்லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி. கவுன்ட்டரில் இருந்தவர் ஸ்கேல் வரைந்து காட்டிய பம்பின் படத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "பழசு எங்கே? பழசைக் கொண்டா. படத்தைப் பார்த்துப் பம்பு குடுக்க முடியாது."

"பழசு வண்டியிலதான் சார் இருக்கு," என்றாள் ஸ்கேல்.

10.50. ஊருக்கு வெளியே அந்தக் கிடங்கு. பூட்டியிருந்தது. காவலாளி, போன வாரமே ஸ்டோரைக் காலி செய்துவிட்டார்கள் என்றான். அங்கிருந்து திரும்பும்போது தம்பி தப்பான சாலையில் திரும்பி இருபது நிமிடம் போனது. அக்கா நகத்தைக் கடித்தாள். டாஷ்போர்டைத் தட்டினாள். ரேடியோவைப் போட்டு நிறுத்தினாள்.

"இப்படிப் பதறி என்ன ஆகப்போகுது?" என்றான் தம்பி. "கிடைக்கலைன்னா உலகம் முடிஞ்சிடாது. கண்ணாடிக் கடையில நான் சொல்லி வெச்ச வேலை அப்படியே இருக்கு. திங்கட்கிழமை போய் உட்கார்ந்தா போதும். ஃபேன் இருக்கு, கூரை இருக்கு."

"எனக்குக் கூரை இருக்குடா. அதுக்கு ஒரு பம்புதான் இல்லை. அந்தக் கூரையைத்தான் ஃபோர்க்லிஃப்ட் தூக்கிட்டுப் போகுதுன்னு சொல்லி இந்தப் பம்பு கிடைச்ச அன்னிக்கு ராத்திரி நாம சாப்பிடும்போது விழுந்து விழுந்து சிரிச்சோம். மறந்துட்டியா?"

அவன் கியரை மாற்றினான்.

11.45. பழைய இரும்புக் கடை. மலை போல இன்ஜின்கள். கடைக்காரர் டீ கிளாஸோடு வந்தார்.

"பழசு எங்கே?"

"பழசு வண்டியிலதான்…"

ஸ்கேல் நிறுத்தினாள்.

இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் அவளே கேட்கிறாள். பழசு எங்கே? பதில் எப்போதும் ஒன்றுதான்: கழற்றும் வரை வண்டியில், கழற்றிய பிறகு… மாஸ்டர் கழற்றினால்?

அட்டைக் கட்டைப் பிரித்தாள். கீழ் அட்டையின் ஓரம் ஈரமாக, பச்சையாக இருந்தது. காரின் பின் சீட்டில் வைத்திருந்த அட்டை. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். தப்பாக இருந்தால்? இரண்டு பேர் வாழ்நாள் முழுக்கப் பேசாமல் போய்விடுவார்கள். அளவு இரண்டு முறையும் ஒன்றாக வரும் வரை வாயைத் திறக்கக் கூடாது.

"அக்கா, ஷெட்டுக்குப் போலாம்."

"இன்னும் ரெண்டு கடை பாக்கி இருக்கே."

"பாக்கி இருக்கட்டும்."

12.35. ஷெட்டில் பெயின்டரும், சொன்னபடி வந்துவிட்ட மியூசியமும் இருந்தார்கள். ஸ்கேல் யாரிடமும் பேசவில்லை. மாஸ்டரின் சக்கரப் பலகையில் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு ஆமைக்கு அடியில் நழுவிப் போனாள். வெளியே அவளுடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன. அக்கா நகத்தைக் கடித்தபடி அந்தச் செருப்புகளைச் சுற்றி நடந்தாள்.

இரண்டு நிமிடம். பிறகு குரல் வந்தது.

"ஏழு மில்லிமீட்டர்."

"என்ன?"

"ஏழேதான். ரெண்டு தடவை அளந்துட்டேன்." அவள் வெளியே நழுவி வந்தாள். கன்னத்தில் பச்சைத் துளி. "அக்கா, புது பம்பு வண்டியிலதான் இருக்கு. பளபளன்னு."

யாருக்கும் புரியவில்லை. அக்கா தானும் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

ஸ்கேல் எழுந்து நின்று, அட்டைகளைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை மாட்டுகிறேன் என்று சொன்ன மாஸ்டர் வியாழக்கிழமை மாலையே மாட்டிவிட்டார். அதனால்தான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். பழைய பம்பைக் கழற்றும்போது உள்ளே இருந்த கூலன்ட் முழுக்கக் கொட்டியது. தட்டு ஒரே மாலையில் நிரம்பியது. புதியதை வைத்து போல்ட்டுகளைக் கையால் திருகினார். வழக்கப்படி, ஈரம் சொட்டும் பழையதைப் புதியதின் பெட்டியில் போட்டு அலமாரித் தட்டில் வைத்தார். மறுபடி போல்ட்டுகளை இறுக்க அடியில் போனபோது வலி வந்துவிட்டது.

"பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்கன்னு அவர் சொன்னாரில்ல? புது சாமான் இருக்கிற பெட்டியை யாராவது தூக்கிப் போடுவாங்களா, அண்ணே? குப்பை மாதிரி இருக்கிற ஒண்ணு உள்ளே இருந்தாத்தானே அப்படிச் சொல்லணும்? காலையிலேயே எனக்குத் தோணியிருக்கணும்."

பெயின்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மாஸ்டர் சொன்ன நாளுக்கு முன்னாடி வேலை செஞ்சது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. இதை யாரு எதிர்பார்ப்பாங்க?"

"அப்ப திருட்டே நடக்கலையா?" என்றாள் அக்கா.

"நடந்தது. திருடினவங்களுக்கு உள்ளே பழசு இருக்குன்னு தெரியாது."

மியூசியம் கனைத்தார். "எல்லாரும் என்னைத்தான் பார்க்கறீங்க."

"நீங்க இல்லை, சார். இன்ஜின் மாத்தினதே உங்களுக்குத் தெரியாது. நீங்க எடுத்திருந்தா வேன் படம் போட்ட பெட்டியைத்தான் எடுத்திருப்பீங்க. அது பிரிக்காம அங்கேயே இருக்கு."

"மாத்தினதா? எதை?" என்றார் அவர். அவர் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பெயின்டர் அண்ணன் ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில இருந்தாரு. வரும் வழியிலயே மாஸ்டர் வீட்டு அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். மாஸ்டர் சாவியும் அவங்ககிட்டதான் இருக்கு. பூட்டு உடையலை. மிச்சம் இருக்கிறது ஆணியில மாட்டின சாவி."

ஸ்கேல் கடைசி அட்டையை எடுத்தாள்.

"புது பம்பு காஞ்சிருக்கும். பழசுதான் ஒழுகும். அந்தப் பெட்டி எங்கே போச்சோ அங்கெல்லாம் இந்தப் பச்சை போயிருக்கும். இந்த அட்டை காலையில ஒரு சீட்டு மேல இருந்தது." அவள் நிமிர்ந்தாள். "அண்ணா, டிக்கி சாவியைக் குடுங்க."

தம்பி கைக்கடிகாரத்தைத் திருகுவதை நிறுத்தினான். சாவியைக் கொடுக்கவில்லை. அவனே போய்த் திறந்தான். மாற்று டயருக்குப் பக்கத்தில், ஒரு துண்டால் மூடி, ஃபோர்க்லிஃப்ட் படம் போட்ட பெட்டி இருந்தது. துண்டு பச்சையாகிவிட்டிருந்தது.

அக்கா அவனைப் பார்த்தாள்.

"போன வருஷம் மழையில மலைப்பாதையில ரெண்டு நாள் மாட்டிக்கிட்டியே," என்றான் அவன், பெட்டியைப் பார்த்தபடி. "போன் எடுக்கலை. நான் வழியெல்லாம் ஒவ்வொரு பள்ளமா எட்டிப் பார்த்துட்டு வந்தேன். உனக்கு அது ஒரு கதை. ஊர் ஊராச் சொல்லிச் சிரிக்கிற. எனக்கு இப்பவும் போன் அடிச்சா உயிர் போகுது. இன்னிக்கு நாலு மணி தாண்டிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு நினைச்சேன். நேத்து ராத்திரி நீ தூங்கினதும் ஆணியிலேருந்து சாவியை எடுத்துட்டுப் போய், பெட்டியைப் பின் சீட்டுல வெச்சு எடுத்துட்டு வந்தேன். ஆனா திறந்து பார்க்க மனசு வரலை. டிக்கியில மூடி வெச்சுட்டேன்."

அக்கா பெட்டியைத் திறந்தாள். உள்ளே துருவும் பச்சையுமாகப் பழைய பம்பு, அரை உயிரோடு, இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை திறந்து பார்த்திருந்தா, குப்பைன்னு அங்கேயே வெச்சுட்டு வந்திருப்ப," என்றாள். அவள் குரலில் கோபமா சிரிப்பா என்று ஸ்கேலால் அளக்க முடியவில்லை. "மணி என்ன?"

"ஒண்ணு அஞ்சு."

"சட்டைக் கையை மடிச்சு விடு. பம்பைத் திருடப் பார்த்தது நீதானே. இப்ப அதை இறுக்கவும் நீதான் வரணும்."

1.20. ஸ்கேல் ஆயிரம் போல்ட்டுகளை விற்றிருக்கிறாள். எந்த வண்டியிலும் ஒன்றைக்கூட இறுக்கியதில்லை. மாஸ்டருக்கு மயக்கம் தெளிந்துவிட்டது என்று போனில் சொன்ன அவர் மனைவி, போனை அவர் காதில் வைத்தாள். குழறும் குரலில் அவர் முதலில் கேட்டது, "பெட்டி பத்திரமா?" என்றுதான். பிறகு சொன்னார்: எதிரெதிராக இறுக்கு, ஒரேயடியாக இறுக்காதே, ஐந்தாவதைக் கடைசியில் தொடு. தம்பி டார்ச்சைப் பிடித்தான். அவன் இஸ்திரிச் சட்டையின் முதுகு முழுக்கத் தரையின் கறுப்பு. பம்பைச் சுழற்றும் பெல்ட்டை அவர்கள் மூன்று முறை இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

2.50. சீல் உடைத்துக் கூலன்டை ஊற்றினார்கள். சாவியைத் திருப்பினாள் அக்கா. ஆமை இருமியது, நின்றது, மறுபடி இருமியது, ஓடியது. எல்லோரும் குனிந்து ஐந்து நிமிடம் தரையையே பார்த்தார்கள். துளி விழவில்லை. மியூசியம் மட்டும் இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடி நின்றார்.

"ஃபோர்க்லிஃப்ட்," என்றார் துக்கத்தோடு. "கடவுளே, ஃபோர்க்லிஃப்ட்."

3.52. பரிசோதனை அலுவலகத்தின் கேட். அதிகாரி வண்டியைச் சுற்றி வந்தார், அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்தார், நிமிர்ந்தார்.

"இது என்ன இன்ஜின்?"

ஸ்கேல் அவசரமாக அட்டைகளைப் புரட்டினாள். எண்ணைச் சரியாகத்தான் எழுதினோமா என்று சந்தேகம் வந்துவிட்டது. அதற்குள் தம்பி, கறுத்த சட்டையோடு, இன்ஜின் வகையும் வருடமும் மாடல் எண்ணும் கடகடவென்று சொன்னான். எல்லாம் பெட்டியின் மேல் அச்சடித்திருந்தவை. ஓர் இரவு முழுக்கத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்த பெட்டி.

அதிகாரி எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் அக்கா வேனின் இரண்டாவது சாவியை வளையத்திலிருந்து கழற்றித் தம்பியின் சட்டைப் பையில் போட்டாள்.

"அடுத்த தடவை திருடறதா இருந்தா வண்டியை முழுசா திருடு. நானும் உள்ளே இருப்பேன்."

அவன் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தான். ஸ்கேல் பின்னால், கட்டிலில், மடியில் பழைய பம்பின் பெட்டியோடு. அதை மூன்றாவது தட்டில் திரும்ப வைக்க வேண்டும். போகும் வழியில் மூடியைத் திறந்து ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டாள்.